ஹாலில் சொக்கும் கண், படுக்கையறையில் விழிப்பது ஏன்?

கொங்கு மண்டலத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வயது 44. நூற்பாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் ஸ்கூட்டரில் ஒன்பது கிலோமீட்டர் போய் வருகிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

இவருடைய மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் படுத்த படுக்கையாக இருந்திருக்கிறார். பகலில் ஆள் வைத்திருந்தார்கள். இரவு முழுக்க இவர் பொறுப்பு. பேச்சு போய்விட்ட அத்தை, ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலோரம் இருந்த எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டுவாராம். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதற்காக பத்தரை, பன்னிரண்டரை, இரண்டரை, நாலரை என்று போனில் அலாரம். எட்டு மாதங்களுக்கு முன் அத்தை காலமாகிவிட்டார். "இனியாவது நீ நிம்மதியாகத் தூங்கு" என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றிலிருந்துதான் தூக்கம் போனது என்கிறார்.

ஹாலில் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. எழுந்து படுக்கையறைக்குப் போய்த் தலையணையில் தலை வைத்ததும் விழிப்பு வந்துவிடுகிறது. அலாரத்தை எப்போதோ எடுத்துவிட்டாலும் இரண்டரைக்கு முன்னும் பின்னுமாகக் கண் திறந்துகொள்கிறது. ஃபிரிட்ஜ் 'டக்' என்று நின்றால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு முறை டம்ளர் தட்டும் சத்தமே கேட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா "ஆத்மா சாந்தியடையவில்லை" என்கிறார். கணவர் "எல்லாம் உன் நினைப்பு" என்கிறார். யாரோ சொன்னதைக் கேட்டு, 'ஆழ்மனதை மாற்றும்' ஆடியோவை இரவெல்லாம் காதில் ஓடவிட்டிருக்கிறார். தெரிந்த மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய, பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம் மாத்திரையை மூன்று மாதமாகத் தினமும் போடுகிறார். முதலில் 0.25 மில்லிகிராம் போட்டவர், இப்போது 0.5 போடுகிறார்.

கடைசியில் இப்படி முடித்திருக்கிறார்: "என் ஆழ்மனம் கெட்டுப்போய்விட்டதா டாக்டர்? 18,000 ரூபாய் கட்டி மூன்று நாள் ஆழ்மனப் பயிற்சிக்குப் போகலாமா? மாத்திரையை இப்படியே தொடரலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

ஒன்றரை வருடம் ஒரு உயிரைப் புண் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய வேலை என்பது வார்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூடப் பெருமையாக இல்லை. அதனால் முதலில் நான் சொல்லிவிடுகிறேன்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. உங்கள் மனம் கெட்டுப்போகவில்லை, தூங்கும் சக்தியும் போகவில்லை. ஹாலில் கண் சொக்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தூங்கத் தெரியாத மூளைக்கு ஹாலில் மட்டும் எப்படித் தூக்கம் வரும்? படுக்கையறைக்குள் நுழைந்ததும் ஏதோ ஒன்று அதைத் தட்டி எழுப்புகிறது. அது என்ன என்று பார்க்கலாம்.

டவுன் பஸ்ஸில் வாய் பிளந்து தூங்குகிறவர் தன் ஸ்டாப் வரும்போது மட்டும் திடுக்கென்று எழுவதைப் பார்த்திருப்பீர்கள். ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்து வீட்டில் கூட்ஸ் வண்டிச் சத்தத்துக்கு அசையாத தாய், தூளியில் குழந்தை சிணுங்கினால் எழுந்துவிடுகிறாள். தூக்கத்திலும் காது மூடுவதில்லை. எதற்கு எழ வேண்டும், எதற்கு வேண்டாம் என்று மூளை தரம் பிரித்துக்கொண்டே இருக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் இயன் ஆஸ்வால்டும் அவருடைய குழுவினரும் தூங்குகிறவர்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்தபடியே வரிசையாகப் பெயர்களை ஒலிக்கவிட்டார்கள். மற்ற பெயர்களைவிடத் தன் சொந்தப் பெயர் வந்தபோது மூளை அதிகமாகத் துள்ளியது. தூங்கிக்கொண்டிருந்தவருக்கு அது தெரியாது.

புது இடத்தில் முதல் ராத்திரி சரியாகத் தூக்கம் வராததும் இதே கணக்குதான். 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யூகா சசாகி குழுவினர் இதை ஆராய்ந்தார்கள். பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு மூளையின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட லேசாகத்தான் தூங்குகிறது, வெளிச் சத்தத்துக்குச் சட்டென்று விழிக்கவும் செய்கிறது என்று கண்டார்கள். ஒரு பாதி காவலுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டரை மணிக் கதைக்கும் இதில் விடை இருக்கிறது. 1999-இல் ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில் யான் போர்ன் குழுவினர் 15 பேரை நள்ளிரவில் தூங்கவைத்தார்கள். "காலை ஆறு மணிக்கு எழுப்புவோம்" என்று சொல்லியிருந்த இரவில், ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே ஏசிடிஎச் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏற ஆரம்பித்தது. உடலை விழிப்புக்குத் தயார்செய்யும் ஹார்மோன் அது. "ஒன்பதுக்கு எழுப்புவோம்" என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கே எழுப்பியபோது அப்படி முன்கூட்டி ஏறவில்லை. அங்கே ஒரே ஒரு இரவு சொன்ன சொல்லுக்கே உடம்பு இவ்வளவு தயாரானது. நீங்கள் ஐந்நூறு இரவுக்கு மேல் இரண்டரைக்கு எழுந்திருக்கிறீர்கள். அலாரத்தை அழித்தது உங்கள் விரல். உடம்பு தன் கணக்கை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், இது 'நினைப்பு' இல்லை. நீங்கள் நினைத்து வரவைத்ததும் இல்லை, நினைத்து நிறுத்தக்கூடியதும் இல்லை. அந்தக் கட்டில், அந்தத் தலையணை, ஜன்னல் வழியாக விழும் தெருவிளக்கு வெளிச்சம், அரைகுறையாகத் திறந்த கதவு எல்லாம் சேர்ந்து ஒன்றரை வருடம் உங்களுக்குச் சொன்னது ஒரே சேதி: "அயர்ந்துவிடாதே." கதவை இன்னும் திறந்து வைத்துத்தான் படுக்கிறேன் என்று மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கதவுப் பக்கமாகவே படுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் என்னை நிறுத்திய வரி அதுதான். அத்தை போய் எட்டு மாதமாகியும் நீங்கள் இன்னும் டியூட்டியில் இருக்கிறீர்கள்.

டம்ளர் சத்தம் பற்றிப் பயப்பட வேண்டாம். கண் அயரும் அந்த விளிம்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலவும் கதவு தட்டுவது போலவும் கேட்பது நல்ல மனநலம் உள்ளவர்களுக்கும் உண்டு. நெருங்கியவரை இழந்த வீட்டில் இன்னும் சகஜம். அதைப் புத்திக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அத்தைக்காக ஏதாவது சடங்கு செய்தால் மனம் ஆறும் என்று தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள். அவர் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறார் என்ற எண்ணத்தை மட்டும் அதோடு சேர்க்க வேண்டாம். ஒன்றரை வருடம் பார்த்துக்கொண்ட மருமகளை எந்த அத்தை அப்படிச் செய்வார்?

ஆழ்மன ஆடியோவும் 18,000 ரூபாயும்

'ஆழ்மனம்' என்றாலே உள்ளே உட்கார்ந்து ஆட்டிப்படைக்கும் இன்னொரு ஆள் மாதிரி இப்போது பேசுகிறார்கள். தூக்கத்தில் அதன் காதில் ஓதினால் அது மாறிவிடும் என்கிறார்கள். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1956-இல் சைமன், எம்மன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தூங்குகிறவர்களுக்குத் தகவல்களை ஒலிக்கவிட்டு, மறுநாள் கேட்டார்கள். மூளை அலைப் பதிவைப் பார்த்து, நிஜமாகவே தூங்கிய நேரத்தில் ஒலித்தவற்றைத் தனியாகப் பிரித்தார்கள். அவை நினைவில் நிற்கவில்லை. 1991-இல் ஆன்டனி கிரீன்வால்டும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. 'நினைவாற்றல்', 'தன்மதிப்பு' என்ற பெயரில் விற்ற மறைசெய்தி கேசட்டுகளை (காதுக்குத் தெரியாத அளவு மெல்லிய பேச்சைச் சேர்த்துப் பதிவுசெய்தவை) எடுத்து, பாதிப் பேருக்கு லேபிளை மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கேட்ட பிறகும் கேசட்டில் உண்மையில் இருந்ததால் யாருக்கும் பலன் இல்லை. ஆனால் லேபிளில் எது எழுதியிருந்ததோ அது தேறிவிட்டதாகப் பலர் நம்பினார்கள்.

ஹிப்னாஸிஸ் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். பயிற்சி பெற்றவர் வழிநடத்த, விழித்திருக்கும்போது கேட்டால் சிலருக்கு உடல் தளர்ந்து தூக்கத்துக்கு உதவுகிறது. உங்கள் வழியே வேறு. இரவெல்லாம் ஹெட்போனில் ஒரு குரல் பேசிக்கொண்டிருக்கிறது. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே படுக்கும் பழக்கத்தை விட வேண்டியவர், அதையே இன்னொரு குரலுக்குச் செய்கிறீர்கள். இன்றே நிறுத்துங்கள். அந்த 18,000 ரூபாயையும் கட்ட வேண்டாம். உளவியல் உதவி வேண்டுமென்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுசெய்த மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. அதற்குக் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள்.

மாத்திரை பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாக

நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதம் தினமும் போட்ட அல்பிரசோலத்தைத் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை முன்னைவிட மோசமாகத் திரும்பும். படபடப்பு, நடுக்கம் வரலாம், அபூர்வமாக வலிப்புகூட வரலாம். அதேபோல் அளவைக் கூட்டவும் வேண்டாம். முக்கால், ஒன்று என்று ஏறிக்கொண்டே போவதுதான் இதன் குணம். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க அவர் அட்டவணை போட்டுக் கொடுப்பார். இது 'ஹெச்1' அட்டவணை மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, சீட்டைப் பார்த்துக் கொடுத்தாலும் யாருக்கு எவ்வளவு என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2014-இலிருந்து சட்டம். உங்களுக்குத் தெரிந்தவர் நல்லெண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். ஆனாலும் அது உங்களுக்குச் செய்த உதவி இல்லை.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்கவில்லை. "மாத்திரையை விழுங்கி ஐந்து நிமிடத்தில் கண் இழுக்க ஆரம்பித்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வாயால் விழுங்கிய அல்பிரசோலம் ரத்தத்தில் உச்சத்தை எட்ட ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஐந்து நிமிடத்தில் அது வயிற்றில் சரியாகக் கரைந்துகூட இருக்காது. அப்படியானால் அந்த ஐந்தாவது நிமிடத்தில் உங்களை இழுப்பது எது? அட்டையைப் பிதுக்கும் சத்தம், ஒரு வாய் தண்ணீர், "இனி கவலையில்லை" என்ற நிம்மதி. கட்டில் விழிப்பின் சைகை ஆன மாதிரியே மாத்திரை அட்டை தூக்கத்தின் சைகை ஆகியிருக்கிறது. புதுச் சைகைகளை உங்கள் உடம்பு மூன்று மாதத்தில் கற்றுக்கொள்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம்.

கட்டிலைத் தூக்கத்துக்குத் திருப்பிக் கொடுப்பது

1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன வழியை அடிப்படையாகக் கொண்டது இது. இன்றும் தூக்கமின்மைக்கான உளவியல் சிகிச்சையின் முதுகெலும்பு இதுதான். நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த வகைச் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் அறிவுறுத்தியது.

தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள். உடம்பு அசதி வேறு, தூக்கம் வேறு. அசதி என்றால் கை கால் வலிக்கும், உட்கார்ந்தால் போதும் என்று இருக்கும். தூக்கம் என்றால் இமை தானாக விழும், படித்த வரியையே திரும்பப் படிப்பீர்கள். நீங்கள் அசதியைத் தூக்கம் என்று எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே படுக்கப் போகிறீர்கள்.

படுத்துக் கொஞ்ச நேரத்தில் தூக்கம் வரவில்லையா, எழுந்துவிடுங்கள். 15, 20 நிமிடம் என்று சொல்வார்கள், அதைக் கடிகாரத்தில் பார்க்க வேண்டாம். "இன்னும் தூக்கம் வரலையே" என்று எரிச்சல் ஆரம்பிக்கிறதே, அதுதான் எழ வேண்டிய நேரம். ஹாலுக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். துணி மடிக்கலாம், பழைய வார இதழ் புரட்டலாம். போனும் டி.வி.யும் வேண்டாம், மில் கணக்கும் வேண்டாம். கண்ணைக் கட்டிக்கொண்டு வரும்போது திரும்பக் கட்டிலுக்கு வாருங்கள். மறுபடி விழித்தால் மறுபடி எழுங்கள். முதல் வாரம் ராத்திரிக்கு ஐந்தாறு முறைகூட ஆகலாம். இரண்டரைக்கு விழித்தாலும் இதேதான். ஹாலில் சொக்குகிறதே, அங்கேயே தூங்கிவிடக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது. அங்கே தூங்கினால் சோபாதான் கற்றுக்கொள்ளும், கட்டில் கற்றுக்கொள்ளாது.

"தூக்கம் வராவிட்டாலும் படுத்திருந்தால் உடம்புக்கு ஓய்வுதானே" என்று அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல்காரருக்கு அது சரி. உங்களுக்கு அது, கட்டிலில் விழித்துக் கிடக்கும் பயிற்சியை இன்னொரு மணி நேரம் தருவதாகத்தான் முடியும்.

காலையில் எழும் நேரம் மட்டும் கல்லில் எழுதியதாக இருக்கட்டும். ஐந்தரை என்றால் ஞாயிறும் ஐந்தரைதான். நீங்கள் இப்போது ஒன்பதிலிருந்து ஆறு வரை ஒன்பது மணி நேரம் கட்டிலில் இருந்து, ஐந்து மணி நேரம் தூங்குகிறீர்கள். ஐந்து படி மாவை ஒன்பது படிப் பாத்திரத்தில் பரப்பிய மாதிரி தூக்கம் மெலிந்து ஓட்டை விழுகிறது. முதல் இரண்டு வாரம் பதினொன்றரைக்கு முன் படுக்க வேண்டாம். பகல் தூக்கம் வேண்டாம். படுத்த நேரத்தின் பெரும்பகுதி தூங்க ஆரம்பித்ததும் வாரம் 15 நிமிடமாகப் படுக்கும் நேரத்தை முன்னால் நகர்த்துங்கள். எட்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். ஏழு மணி நேரத்தில் பகல் தெளிவாக இருந்தால் அது உங்களுக்குப் போதும். ராத்திரியில் இரண்டொரு முறை விழித்துத் திரும்பத் தூங்குவதும் நோய் இல்லை.

ஒரு எச்சரிக்கை. முதல் ஒன்றிரண்டு வாரம் பகலில் தூக்கக் கலக்கம் கூடும். அந்த நாட்களில் ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். மில் பஸ்ஸிலோ, கணவர் வண்டியிலோ போங்கள். வலிப்பு நோயோ, மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இப்படித் தூக்க நேரத்தைக் குறைக்கக் கூடாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் விஷயத்திலும் மாத்திரையைக் குறைப்பதும் இதுவும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பதால், அந்த மருத்துவரிடம் இந்தக் கட்டுரையைக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

அறையை மாற்றுங்கள்

இது செலவில்லாத வேலை, பலன் நிறைய. கட்டிலை வேறு சுவரோரம் நகர்த்துங்கள். கதவுப் பக்கம் இனி உங்கள் கணவர் படுக்கட்டும். கதவைச் சாத்துங்கள், தாழ்ப்பாள் போடாவிட்டாலும் பரவாயில்லை. முதல் சில நாள் மூச்சு முட்டுவது போல இருக்கும், பிறகு பழகிவிடும். கடிகாரம் அறையில் வேண்டாம். போன் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும், காலை அலாரம் அங்கிருந்தே கேட்கும். வடக்கே தலை வைத்ததால்தானா என்றும் கேட்டிருந்தீர்கள். காரணம் அது இல்லை. கட்டிலை எப்படியும் நகர்த்தப் போகிறீர்கள், மனதுக்கு ஒப்பிய திசையில் போட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கும் முன் அரை மணி நேரம் தினமும் ஒரே வரிசையில் ஒரு நாலு காரியம் செய்யுங்கள். பெரிய விளக்கை அணைத்து சின்ன விளக்கு போடுவது, வெந்நீரில் கால் கழுவுவது, தலையைப் பின்னிக்கொள்வது, சொம்பில் தண்ணீர் எடுத்து வைப்பது என்று உங்களுக்கு இயல்பாக வருவது எதுவானாலும் சரி. வரிசை மாறக் கூடாது. தாலாட்டுக்கும் தூளிக்கும் குழந்தை அடங்குவது இப்படித்தான். மாத்திரை அட்டையின் சத்தம் இதுவரை செய்த வேலையை இந்த வரிசை மெல்ல ஏற்றுக்கொள்ளும். மாலை ஆறரைக்கு மில்லிலிருந்து வந்ததும் குடிக்கும் ஸ்ட்ராங் காபியை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் பாதி, ராத்திரி பதினொன்றரைக்கும் உடம்பில் இருக்கும்.

தூக்கமின்மையின் பின்னால் வேறு எதுவும் இல்லையே?

கடிதத்தில் இல்லாத சிலவற்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. பலமான குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் உண்டா என்று கணவரிடம் கேளுங்கள். படுத்ததும் காலை ஆட்டியே ஆக வேண்டும் போல் குறுகுறுப்பு இருந்தால் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் மாதவிலக்கு ஒழுங்கு மாறி, இரவில் குப்பென்று வியர்த்தும் விழிப்பு வரலாம். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம், அத்தை போன பிறகு நீங்கள் அழுதீர்களா? கடிதத்தில் எங்கும் அது இல்லை. எதிலும் பிடிப்பில்லாமல், விடியற்காலையில் மனம் கனத்து, வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றினால் காத்திருக்கவே வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ராத்திரி இரண்டரைக்கும் எடுப்பார்கள்.

கடைசியாக அந்த டம்ளர். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் படுக்கையறை அலமாரியிலேயே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எறிய மனம் வராது, வேண்டாம். நன்றாகத் தேய்த்துக் கழுவி சமையலறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். தினமும் ஐந்தரைக்கு எழுந்து, விடிந்ததும் வாசலுக்கு வந்து, வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார்ந்து அந்த டம்ளரில் காபி குடியுங்கள். நாலு வாரம் கழித்து எத்தனை நாள் இரண்டரைக்கு எழுந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மணி பார்த்து எழுத வேண்டாம், காலையில் தோராயமாக நினைவில் இருப்பதை எழுதினால் போதும்.